இரண்டாம் வரியின் இறக்கம்

பொன்னம்மாவுக்கு வயலின் இல்லாமல் பாட வராது. காஜா பெராங்கில் செட்டி கம்போங் என்கிற குடியிருப்பு முழுவதற்கும் தெரிந்த இந்தச் சங்கதி, அவளுடைய பாட்டை ஆராய்வதற்கென்றே சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த சிதம்பரநாதனுக்கு மட்டும் தெரியாமல் போயிற்று.

வந்த புதிதில் ஒரு நாள், ஒலிப்பதிவு யந்திரத்தை அவள் வீட்டுக் கூடத்தில் இறக்கி, ஒலிவாங்கியை அவள் முகத்துக்கு நேரே நிறுத்தி, "பாடுங்க அக்கா" என்றான். அவள் யந்திரத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு வெற்றிலைப் பெட்டியை இழுத்து மடிக்கருகே வைத்துக்கொண்டாள்.

"பியோலா எங்கே?"

"நீங்க மட்டும் பாடினாப் போதும்."

"அலாமா! மாப்பிள்ளை இல்லாமலா கல்யாணம்? பியோலா கூப்பிடணும், அப்புறம்தான் நான் போகணும். கூப்பிடாத வீட்டுக்கு நான் போறதில்லை, தம்பி."

பேச்சு மலாய்தான்; பியோலா என்றால் வயலின். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் கப்பலேறி வந்த தமிழ் வணிகர்களின் பிள்ளைகள் இந்தச் செட்டிகள். உள்ளூர்ப் பெண்களைக் கட்டி, இந்த ஊரிலேயே வேர் விட்டு, தமிழை மறந்து, மாரியம்மனை மறக்காமல் இருப்பவர்கள். 'தம்பி', 'அக்கா', 'சாமி' என்று மிஞ்சிய சில சொற்களை, வெள்ளிப் பாத்திரம் போல அவ்வப்போது எடுத்துப் புழங்குவார்கள். பாட்டும் மலாய்ப் பாட்டுதான். டொண்டாங் சாயாங் என்று பேர். பந்துன் என்கிற நாலு வரிச் செய்யுள். ஒருவர் சீண்டிப் பாட, மற்றவர் அந்த இடத்திலேயே கட்டிப் பதில் பாட வேண்டும். ரெபானா என்கிற கைப்பறை தட்ட ஒருவர், வயலின் வாசிக்க ஒருவர். வயலின்தான் முன்னால் நடந்து வழி காட்டும்.

அவளுக்கு எப்போதும் வாசித்த வயலின்காரர் உஜோங் பாசிரில் இருந்த போர்த்துகீசியர், பெலிக்ஸ் என்று பேர். சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். சிதம்பரநாதன் வேறு இரண்டு பேரைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தான். ஒருவன் அவசரப்படுத்துகிறான் என்றாள் பொன்னம்மா. மற்றவன் தூங்குகிறான் என்றாள். சிதம்பரநாதன் என்ன செய்வான்? பாட்டு இல்லாமல் ஆராய்ச்சி ஏது?

பக்கத்துத் தெங்கேராவில் அவன் குடியிருந்த வீட்டு அலமாரியின் மேலே ஒரு வயலின் இருந்தது. அவனுடையதுதான். தமிழ்நாட்டுக்குப் போய் முறையாகக் கற்றவன். சிங்கப்பூரில் சில கச்சேரிகள் செய்தவன். சொந்தமாகக் கீர்த்தனைகளும் கட்டியிருந்தான். அவற்றை அவனைத் தவிர யாரும் பாடியதில்லை என்பது வேறு விஷயம். ஆராய்ச்சிக்குப் பதிவு செய்துகொண்ட அன்று பேராசிரியர் பொன்னுதுரை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"வாசிக்கிறவர் தன்ர காதை நம்பலாம். ஆராயுறவர் அதைச் சந்தேகிக்க வேணும். நீர் ரெண்டில ஒண்டைப் பிடியும்."

அவன் ஒன்றைப் பிடித்தான். வயலின் அலமாரி மேலே போயிற்று. இப்போது அதை இறக்க அனுமதி கேட்டபோது, பேராசிரியர் வேண்டா வெறுப்பாகத்தான் தலையாட்டினார். "துணைக்கு மட்டும். முன்னுக்கு வரக் கூடாது, விளங்குதோ?"

ஆனால் அந்தப் பாட்டில் வயலின் முன்னுக்குத்தானே வர வேண்டும்.

அவன் தரையில் சம்மணமிட்டு, வயலினின் தலையைப் பாதத்தில் ஊன்றி அமர்ந்தபோது கம்போங்கே சிரித்தது. ரெபானா தட்டுகிற சேதுபதி, பொன்னம்மாவின் அண்ணன், கோயில் கமிட்டியில் இருக்கிறவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "என்னா தம்பி, பியோலாவுக்குப் பால் குடுக்கிறியா? பெலிக்ஸ் தாடையில வச்சு நெரிப்பான், நீ மடியில போட்டுத் தூங்க வைக்கிற!"

சிரிப்பு அடங்கியதும் வில்லை இழுத்தான். பொன்னம்மா கண்ணை மூடிக் கேட்டாள். வெற்றிலையை ஒதுக்கினாள். பாடினாள்.

அந்த மாதங்களைப் பற்றிப் பிறகு நினைத்துப் பார்க்கையில், தன் வாழ்க்கையில் அப்படி வாசித்ததே இல்லை என்றுதான் அவனுக்குத் தோன்றும். சபையும் இல்லை, மேடையும் இல்லை. கோழிகள் குறுக்கே ஓடும். யாரோ ஒருத்தி வாசலில் மீன் ஆய்ந்துகொண்டே கேட்பாள். எழுந்து வரும்போது, தான் வாசித்துவிட்டு வருகிறோம் என்பதே மறந்திருக்கும். ஆராய்ந்துவிட்டு வருகிறோம் என்று நினைத்துக்கொண்டு சைக்கிளை மிதிப்பான்.

அப்படித்தான் ஒரு நாள், பதிந்து வந்த நாடாவைப் போட்டுக் கேட்டபோது, அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பந்துனின் இரண்டாவது வரி முடிகிற இடம். சுரம் மேலிருந்து கீழே இறங்குகிறது. இறங்கும்போது பொன்னம்மாவின் குரல் நேராக வராமல், மேலே ஒரு தரம் தொட்டு, ஒரு சின்ன நடுக்கம் நடுங்கி, வளைந்து இறங்கியது. சகானா ராகம். சந்தேகமே இல்லை. தமிழில் ஒரு வாக்கியம் பேசத் தெரியாத ஒருத்தியின் தொண்டையில் சகானாவின் நிழல்.

அதை வைத்துத்தான் ஆராய்ச்சியின் நடு அத்தியாயத்தை எழுதினான். மொழி போன பின்னும் அசைவு போகவில்லை. சொல் மறந்த பிறகும் சுரத்தை அசைக்கிற கமகம் நினைவிருக்கிறது என்பது வாதம். பேராசிரியர் அதைப் படித்துவிட்டு முதல் தடவையாக அவன் தோளில் கை வைத்தார். பல்கலைக்கழகத்தில் இசைக்கென்று ஒரு விரிவுரையாளர் இடம் புதிதாக வரப்போகிறது, அது அவனுக்குத்தான் என்றார். "பொங்கலுக்கு நானே வந்து கேக்கிறன். என்ர காதால ஒருக்காக் கேட்டாப் போதும், கையெழுத்துப் போட்டுடுவன்."

சேதுபதிக்கும் செய்தி போயிற்று. மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம் அது. யார் யார் எந்த இனம் என்று எல்லோரும் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஊர்த் தமிழர் கூட்டமொன்றில், செட்டிகளைத் தமிழரென்று எப்படிச் சேர்ப்பது, ஒரு வார்த்தை தமிழ் தெரியாதே என்று யாரோ எழுந்து கேட்டிருக்கிறார். சேதுபதி அன்று வாய்மூடி வந்தவர். இப்போது போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னார்: "நாக்குதான் மறந்துச்சு. தொண்டை மறக்கலை. தம்பி படிச்சுக் கண்டுபிடிச்சிருக்கு லா!"

கிறிஸ்துமஸுக்கு பெலிக்ஸ் ஊருக்கு வந்தார். அந்த வாரம் கம்போங்கில் ஒரு கல்யாணம். பழைய ஆள் வந்துவிட்டார், அவரே வாசிக்கட்டும் என்று முடிவாயிற்று. சிதம்பரநாதனுக்கு அதில் சந்தோஷம்தான். தன் கை படாத ஒரு பதிவு கிடைக்குமே! பந்தலின் ஓரத்தில் யந்திரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

சேதுபதி முதலில் சீண்டினார். சந்தைக்குப் போனேன், தக்காளி வாங்கினேன், படியேறுகையில் ஒன்று உருண்டது. பெண்ணைப் பார்க்க வந்தேன், மாமியாரைப் பார்த்ததும் என் காலே உருண்டது என்று மலாயில் பாட, பெண்ணின் தாயார் விசிறியால் அவர் தலையில் ஒரு போடு போட்டாள். பந்தல் சிரித்தது. பொன்னம்மா பதில் எடுத்தாள். முதல் வரி வந்தது. இரண்டாவது வரி முடிகிற இடத்தில் பெலிக்ஸின் வில் நேராக இறங்கியது. பொன்னம்மா வளைந்தாள். இரண்டும் இடித்துக்கொண்டன.

பெலிக்ஸ் வில்லைத் தூக்கிவிட்டார்.

"பொன்னா, தொண்டையில என்ன, மீன்முள்ளா?"

"உன் காதுல என்ன, கப்பல் சங்கா? நான் எப்பவும் பாடுற மாதிரிதான் பாடுறேன்."

"எத்தனை வருஷம் உனக்கு வாசிச்சிருக்கேன்? இந்த இடத்துல நீ ஆடி நான் பார்த்ததே இல்லையே."

"குடிச்சிட்டு வாசிச்சா எப்படித் தெரியும்? எங்கம்மா பாடினது இது. அம்மா இப்படித்தான் இறங்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். பெலிக்ஸும் சிரித்தார். தோளைக் குலுக்கிவிட்டு மறுபடி ஆரம்பித்தார். நல்ல வாத்தியக்காரர், மூன்றாவது பந்துனுக்குள் அவருடைய வில்லும் அந்த இடத்தில் வளையக் கற்றுக்கொண்டது. சிதம்பரநாதனுக்கு மட்டும் அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. நாடா தீர்ந்து, அதன் நுனி 'டப் டப்' என்று அடித்துச் சுற்றிக்கொண்டிருந்ததை யாரோ வந்து சொன்ன பிறகுதான் யந்திரத்தை நிறுத்தினான்.

வீட்டுக்கு வந்து பழைய நாடாக்களை எடுத்தான். முதலில் பதிந்தவற்றை அவன் ஒதுக்கி வைத்திருந்தான். 'குரல் இன்னும் திறக்கவில்லை, ஆய்வுக்கு உதவாது' என்று உறையின் மேல் அவன் கையெழுத்தே இருந்தது. போட்டுக் கேட்டான். பொன்னம்மா கிணற்றில் வாளி விடுவது போல நேராக, அழகாக இறங்கினாள். அவளுக்கு அடியில் வளைந்துகொண்டிருந்தது அவனுடைய வயலின். அடுத்த நாடாவில் அவள் அந்த இடத்தில் கொஞ்சம் தயங்கினாள். அதற்கடுத்ததில் லேசாக நடுங்கினாள். குரல் திறந்துவிட்டது என்று அவன் மகிழ்ந்துபோன நாடாவில், அவள் குரலும் அவன் வில்லும் ஒன்றாகியிருந்தன.

அவன் கண்டுபிடித்த கமகம் அவனுடைய விரலில் இருந்ததுதான்.

அவன் மனைவி உமையாள் ஈரக் கையைத் துடைத்தபடி வந்து வாசற்படியில் நின்றாள். "என்னங்க, அதே இடத்தைத் திருப்பித் திருப்பிப் போடுறீங்க? யந்திரம் கெட்டுப்போச்சா?"

சொன்னான். அவள் இசை படித்தவள் இல்லை, ஆனால் கேட்கத் தெரிந்தவள். இரண்டு நாடாவையும் போடச் சொல்லிக் கேட்டாள். பிறகு அவனுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்க கட்டின பாட்டை யாருமே பாடலைன்னு எத்தனை நாள் சோறு இறங்காம இருந்திருக்கீங்க. இப்ப ஒரு கம்போங்கே உங்க சங்கதியைப் பாடுது. அவங்க அம்மா பாட்டுன்னு நினைச்சுப் பாடுது. இதுக்கு மேல ஒரு பாட்டுக்காரனுக்கு என்ன வேணும்? அதுக்கும் அழுவீங்களா?"

"பாட்டுக்காரனுக்குச் சரி."

"பின்னே?"

"ஆராய்ச்சிக்காரனுக்கு?"

"எங்க அப்பச்சி அப்பவே சொன்னாங்க, ஒரு கடைப் பெட்டியடியிலே உட்கார்ந்திருந்தா இந்த ரெட்டைத் தலைவலி வருமான்னு." சிரிக்கப் பார்த்தாள். அவன் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டாள். "சொல்லிருங்க. அந்த வாத்தியார்கிட்ட."

"சொன்னா அந்த அத்தியாயம் போயிரும். அது போனா ஆராய்ச்சியே இல்லை. இடமும் இல்லை."

"சொல்லாட்டி?"

அவன் நாடாவைச் சுற்றி உறையில் போட்டான். வெளியே கடல் இறங்கியிருந்தது; சேற்று வாடை அறைக்குள் வந்து நின்றது.

யாரிடம் முதலில் சொல்வது என்று யோசித்ததில், பொன்னம்மாவிடம்தான் என்று அவனுக்குப் பட்டது. பாட்டை எடுத்தது அவளிடமிருந்து அல்லவா? தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, பொங்கல் நெருங்கிய ஒரு காலையில்தான் போனான். பொங்கலுக்கு முன் வருகிற பார்ச்சுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. குடும்பத்தில் இறந்தவர்கள் அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடுவார்கள் என்று அவர்களுக்கு நம்பிக்கை. அவரவருக்குப் பிடித்ததைச் சமைத்து இலை போடுவார்கள். பொன்னம்மா தாயாருக்காகக் கறுப்பு அரிசியை முறத்தில் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அவன் ஒன்றும் விளக்கவில்லை. முதல் நாடாவைப் போட்டான். பிறகு கடைசி நாடாவை. மறுபடி முதலாவதை.

பொறுக்கிக்கொண்டிருந்த விரல் நின்றது.

"இது நானா?"

"நீங்கதான் அக்கா. நான் வந்த புதுசுல."

"அப்ப அந்த ஆட்டம்?"

"என்கிட்டேருந்து வந்தது. வேணும்னு செய்யலை. என் கை அப்படி. தெரியாமலே செஞ்சிட்டேன்."

அவள் முறத்தைத் தள்ளி வைத்தாள். "பியோலாவை எடு. நேரா வாசி."

வாசித்தான். அவன் விரல் அந்த இடத்தில் நடுங்கப் பார்த்தது. பல்லைக் கடித்து அடக்கி, கோடு போட்டது போல இறக்கினான். அவள் பாடினாள். வளைந்தாள். தலையை உலுக்கிக்கொண்டு மறுபடி என்றாள். மறுபடியும் வளைந்தாள். மூன்றாவது தடவை அந்த இடத்துக்கு வருமுன்பே குரலை நிறுத்திவிட்டாள்.

"முடியலை" என்றாள். கோபம் வரும் என்று நினைத்திருந்தான், வரவில்லை. அது வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முறத்தைப் பார்த்தபடி அவள் சொன்னாள். "எங்கம்மா குரல் எனக்கு மறந்துக்கிட்டே வந்துச்சு, தம்பி. முகம் இருக்கு, குரல் இல்லை. இந்த ஒரு வருஷமாத்தான், அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அம்மா பாடுற மாதிரிக் கேட்டுச்சு. அம்மா திரும்பி வந்துருச்சுன்னு நினைச்சேன். அண்ணன்கிட்டகூடச் சொன்னேன்." முறத்தை இழுத்துக்கொண்டாள். "நாளைக்கு இலை போட்டுக் கூப்பிடப் போறேன். யார் குரல்ல கூப்பிடுறது?"

அவன் வில்லின் திருகைத் தளர்த்தினான்.

"உன் பேராசிரியர் வந்தா என்ன சொல்லப்போறே?"

"நடந்ததை."

"ம்" என்றாள். அரிசியில் கல் இல்லாத இடத்திலும் விரலை ஓட்டிக்கொண்டே இருந்தாள். அவன் எழுந்து போகவும் முடியாமல், இருக்கவும் முடியாமல், வயலினைப் பெட்டியில் வைக்கிற வேலையை எவ்வளவு மெதுவாகச் செய்ய முடியுமோ அவ்வளவு மெதுவாகச் செய்தான்.

பேராசிரியர் பொங்கலுக்கு மறுநாள் பிற்பகலில் கார் ஏறி வந்தார். இறங்குமுன்பே அவரிடம் சொல்லிவிடுவது என்று சிதம்பரநாதன் கம்போங் முனையில் காத்திருந்தான். ஆனால் அவனுக்கு முன்னால் சேதுபதி மாலையோடு நின்றார். கோயில் கமிட்டி நின்றது. கூட்டம் பேராசிரியரை அப்படியே பொன்னம்மா வீட்டுக்குள் அள்ளிக்கொண்டு போயிற்று.

"ஐயா, ஒரு விஷயம்..." என்று காதருகே போனான்.

"பாட்டுக்குப் பிறகு கதைப்பம். முதல்ல கேக்கிறன்."

பாட்டு நடந்தது. அவன் வாசித்தான். முடிந்த மட்டும் நேராகத்தான் வாசித்தான். பொன்னம்மா, அவன் வில் எங்கே போனாலும் தன் வழியே போனாள். இரண்டாம் வரியின் முடிவில் அவள் குரல் மேலே தொட்டு, நடுங்கி, வளைந்து இறங்கியபோது, முன்னெப்போதையும்விட அது அழகாக இருந்தது. பேராசிரியரின் கண் கலங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உமது வயலின் நேராப் போகுது, அவ தனியா வளைக்கிறா. இதுக்கு மேல என்ன வேணும் காணும்? நீர் குடுத்ததெண்டு ஒருத்தரும் சொல்ல ஏலாது." பிறகு பொன்னம்மாவின் பக்கம் திரும்பினார். "ஒண்டே ஒண்டு கேக்க வேணும். எனக்குச் சந்தை மலாய்தான் தெரியும். நீரே கேட்டுச் சொல்லும். அந்த இறக்கம் அவவுக்கு ஆரிட்ட இருந்து வந்தது?"

சேதுபதி ரெபானாவின் மேல் உள்ளங்கையை வைத்து அதன் கடைசி அதிர்வையும் அடக்கினார்.

சிதம்பரநாதன் பொன்னம்மாவைப் பார்த்தான். கேள்வியை மலாயில் கேட்டான். தன் குரல் யாருடையதோ போல அவனுக்குக் கேட்டது.

சுவரில் மாட்டியிருந்த தாயாரின் படத்துக்குப் பார்ச்சு அன்று வைத்த பூ இன்னும் வாடாமல் இருந்தது. அதை அவள் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்தாள். கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. ஒருவர் மட்டும் போகக்கூடிய பாலத்தில் எதிரே வருகிறவரைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"எங்கம்மாகிட்டேருந்து" என்றாள். "சொல்லு."

அவன் வாயைத் திறந்தான். உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் இத்தனை பேர் முன்னால் அவள் பொய்க்காரி ஆவாள். சேதுபதி இனி எந்தக் கூட்டத்திலும் எழுந்து நிற்க மாட்டார். செத்துப்போன அந்த அம்மாளுக்கு இன்னொரு தடவை குரல் போகும். சொல்லாவிட்டால், இனி வாழ்நாள் முழுக்க அவன் வகுப்பில் நின்று சொல்லப்போகிற எதற்கும் அடி இல்லை. இரண்டு பக்கமும் பார்த்தான். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"என்ன சொல்லுறா?" என்றார் பேராசிரியர்.

அவன் வேலை மொழிபெயர்ப்பதுதான். அவள் சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் தமிழில் சொன்னான்.

"அவங்க தாயார்கிட்டேருந்து வந்ததாம், ஐயா."

பேராசிரியர் தலையை மெல்ல ஆட்டினார். "அப்ப சரி. வேலை முடிஞ்சுது. இனி நீர் வயலினை வச்சிட்டு வந்து பாடம் எடுக்கலாம்."

"என்னா சொல்றார் தம்பி, என்னா சொல்றார்?" என்று சேதுபதி மலாயில் அவசரப்பட்டார். கூடத்தில் இருந்த முகமெல்லாம் அவன் பக்கம் திரும்பியிருந்தது.

"சரிங்கிறார்" என்றான்.

கைதட்டினார்கள். யாரோ காப்பிக்குத் தண்ணீர் வைக்க ஓடினார்கள். பொன்னம்மா எழுந்து, யார் பக்கமும் பார்க்காமல், உள்ளே போய்விட்டாள்.